வடுவூர் வீடு: வாட்ஸ்அப் குழு, 23 பேர்

ரவி (ஹூஸ்டன்), காலை 6:40
பெரியப்பா, வணக்கம். ஒரு அவசரம். சனிக்கிழமை யாழினிக்குப் பள்ளியில் டிபேட். கரியமில வாயுவால் நன்மைதான், அதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்று இவள் பேச வேண்டும். நான்கு நிமிடம். நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் வேளாண்மைத் துறையில் இருந்தவர், ரெண்டு பாயிண்ட் கொடுங்கள்.

மீனா அத்தை
[படம்: ரோஜாப்பூ] இனிய காலை வணக்கம்

மீனா அத்தை
யாழினிக்கு உடம்புக்கு என்ன?

கவிதா
ஒன்றும் இல்லை அத்தை. பேச்சுப் போட்டி.

கவிதா
அண்ணா, காது குத்துக்கு தை 15-ஆ 22-ஆ என்று கேட்டு நாலு நாள் ஆகிறது. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? அதற்குப் பதில் இல்லை, கரியமில வாயு வந்துவிட்டது.

ரவி (ஹூஸ்டன்)
லீவு கேட்டிருக்கிறேன்மா. சொல்கிறேன்.

சங்கர் சித்தப்பா
டேய், நீ வேலை பார்ப்பதே எண்ணெய்க் கம்பெனியில். மேனேஜரிடம் கேள், நாற்பது பாயிண்ட் டைப் அடித்தே தருவார்.

ரவி (ஹூஸ்டன்)
சித்தப்பா 😀 நான் பைப் வாங்குகிற பிரிவு.

பெரியப்பா, காலை 7:25
யாழினிக் கண்ணுக்கு. பொறுமையாகப் படிக்கவும். நாம் சாப்பிடும் சோற்றில் இருக்கிற கார்பன் உரத்திலிருந்து வந்ததில்லை, மண்ணிலிருந்து வந்ததில்லை, காற்றிலிருக்கும் கரியமில வாயுவிலிருந்து வந்தது. ஆலைகள் வருவதற்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, 1958-ல் கீலிங் என்பவர் ஹவாய் தீவில் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது 315, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பனியுகத்தில் 180 வரைக்கும் இறங்கியிருந்தது, 150-க்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர் திணறிப்போகும், ஆகவே நாம் பஞ்சத்துக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்திருக்கிறோம் என்று ஆரம்பிக்கலாம். ஹாலந்தில் ராட்டர்டாம் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில் வெளியேறும் இந்த வாயுவை 2005-லிருந்து குழாய் வழியாகக் கண்ணாடிக் கூடாரங்களுக்கு அனுப்புகிறார்கள், தக்காளி போடுகிறவன் அதைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே 800, 1000 என்று ஏற்றி வைக்கிறான். விஷம் என்றால் விலை கொடுத்து வாங்குவானா? அடுத்தது தண்ணீர். இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, வாயு உள்ளே போகிற அதே வாசல் வழியாகத்தான் தண்ணீர் ஆவியாக வெளியே போகும். காற்றில் வாயு அதிகமானால் செடி வாசலை ஒருக்களித்து வைத்துக்கொண்டாலே போதும், தண்ணீர் மிச்சம். வறண்ட காட்டில்கூடப் பச்சை கூடியிருப்பதற்கு இது ஒரு காரணம். 2016-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது, செடி கொடி இருக்கிற நிலத்தில் கால்பங்கிலிருந்து பாதி வரைக்கும் பசுமை கூடியிருக்கிறது, அதில் 70 சதவீதம் கரியமில வாயுவால் என்று கணக்கு. (தொடரும்)

சங்கர் சித்தப்பா
தொடருமா?

கவிதா
15-ஆ 22-ஆ

பெரியப்பா
(தொடர்ச்சி) சரித்திரமும் சொல்ல வேண்டும். 1896-ல் அரேனியஸ் என்ற சுவீடன் விஞ்ஞானி, இந்த வாயு இரண்டு பங்கானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். போட்டுவிட்டு அவர் பயப்படவில்லை, குளிர் நாடுகளுக்கு நல்ல தட்பவெப்பமும் விளைச்சலும் வரும் என்றுதான் எழுதினார். 1938-ல் காலண்டர் என்கிற ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், நிலக்கரி எரிப்பதால் பூமி சூடாகிறது என்று அளந்து காட்டியவர், அவரும் இதனால் வடக்கே பயிர் எல்லை நீளும், பனியுகம் தள்ளிப்போகும், நன்மைதான் என்றார்.

சங்கர் சித்தப்பா
சுவீடன்காரன் சூடு கேட்பான், தப்பில்லை. அவன் திருச்சியில் மே மாதம் இருந்து பார்த்தானா?

சங்கர் சித்தப்பா
காலண்டர்காரரே வந்துவிட்டார், கவிதா கேட்ட தேதியை அவரிடமே கேளுங்கள்.

கவிதா
😡

மீனா அத்தை
அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். கிணறு தூர் வார இறங்குவதற்கு முன்னால் அப்பா அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவாரே, அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது என்று. அது இந்த வாயுதானே? அப்போது அது எப்படி நல்லது?

பெரியப்பா
மீனா, அது வேறு அளவு. கிணற்றடியில் தேங்கினால் நூற்றுக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில் வரும். வெளிக்காற்றில் பத்தாயிரத்துக்கு நாலு பங்கு. நீ விடும் மூச்சிலேயே நூற்றுக்கு நாலு பங்கு இருக்கிறது. வெளிக்காற்றை விட நூறு மடங்கு.

சங்கர் சித்தப்பா
மீனா மூச்சுவிடாமல் பேசுவாள், அதனால் பாதகமில்லை.

மீனா அத்தை
போடா

பூங்குழலி, காலை 8:10
அண்ணா, அப்பா சொன்னதில் பொய் இல்லை, ஆனால் யாழினி இதை அப்படியே போய்ப் பேசினால் எதிரணி பிய்த்துவிடும். கண்ணாடிக் கூடாரத்துக்குள் தண்ணீர், உரம், சூடு மூன்றும் அவன் கையில். நம் வயலுக்குக் கூரை போடுவது யார்?

பூங்குழலி
அப்புறம் எல்லாப் பயிருக்கும் இது பொருந்தாது. நெல், கோதுமை, உளுந்து, கடலை, பருத்திக்குப் பலன் உண்டு. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் வாயுவை உள்ளே அடர்த்தியாக்கிக்கொள்ளும் ஜாதி, அவற்றுக்குக் காற்றில் கூடினாலும் பெரிதாக ஒன்றுமில்லை, வறட்சியில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். அமெரிக்காவில் முக்கியப் பயிரே மக்காச்சோளம்!

பெரியப்பா
குழலி, அவள் நன்மை அணி. நடுவர் இல்லை.

பூங்குழலி
எந்தப் பக்கம் பேசினாலும் ஓட்டையைத் தெரிந்துகொண்டு பேசட்டும் அப்பா.

ரவி (ஹூஸ்டன்)
குழலி சொல்வதும் வேண்டும். இங்கே சட்டப் பின்னணி இதுதான்: 2007-ல் உச்ச நீதிமன்றம் இந்த வாயுவும் காற்று மாசுச் சட்டத்துக்குள் வரும் என்றது, அதை வைத்து 2009-ல் சுற்றுச்சூழல் முகமை இது மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று அறிவித்தது. கார்கள் விடும் இந்த வாயுவுக்குப் போட்ட கட்டுப்பாடு எல்லாம் அதன் மேல்தான் நின்றது. 2025 ஜூலையில் அந்த அறிவிப்பையே எடுத்துவிடலாம் என்று அதே முகமை முன்மொழிந்தது. அதிலிருந்துதான் டிபேட் தலைப்பு.

பூங்குழலி
தெரியும் அண்ணா. அதே மாதம் அங்கே எரிசக்தித் துறை ஐந்து பேரை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது, அதிலும் ஆரம்பத்திலேயே பூமி பச்சையாகிறது என்ற பாட்டுதான். 80-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். இது புதுப்பாட்டும் இல்லை. 1998-லேயே நிலக்கரி வாங்கும் கூட்டமைப்பு ஒன்று 'பசுமையாகும் பூமி' என்று பெயர் வைத்துச் சங்கம் நடத்தியது.

சங்கர் சித்தப்பா
சாராயக் கடைக்காரன் கல்லீரல் சங்கம் வைத்த கதை

பூங்குழலி
செயற்கைக்கோள் பச்சையிலும் இன்னொரு செய்தி உண்டு. 2019-ல் நாசா படங்களை வைத்து வந்த ஆய்வில் இந்தியாவும் சீனாவும்தான் முன்னால் நிற்கின்றன. நம் நாட்டுப் பச்சையில் 82 சதவீதம் வயல். அதாவது போர்வெல், உரம், வருஷத்துக்கு ரெண்டு மூன்று போகம். மேலிருந்து பார்த்தால் பச்சை, கீழே தண்ணீர் 400 அடிக்குப் போயிருக்கும்.

பெரியப்பா
சரி, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நெல்லுக்குக் கூடும் என்பது வயலிலேயே நிரூபித்தது. ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலைச் சுற்றி வளையமாகக் குழாய் போட்டு பத்து லட்சத்துக்கு 200 பங்கு வாயு கூட்டிப் பார்த்தார்கள். விளைச்சல் நூற்றுக்கு 10, 15 கூடியது. மூட்டைக் கணக்கு.

பூங்குழலி
அதே குழாய் வயல்களில் விளைந்த அரிசியை 2018-ல் சோதித்தார்கள் அப்பா. 18 ரகம். புரதம் 10 சதவீதம் குறைவு, இரும்பு 8, துத்தநாகம் 5, ஃபோலிக் ஆசிட் 30. மாவுச்சத்து கூடி மற்றதெல்லாம் நீர்த்துப் போகிறது. மூட்டை கூடும், சத்து குறையும்.

மீனா அத்தை
அதனால்தான் ரேஷன் அரிசியில் ஏதோ கலக்கிறார்கள் என்றார்கள். பிளாஸ்டிக் அரிசி வீடியோ ஒன்று வந்தது, அனுப்பட்டுமா?

கவிதா
வேண்டாம் அத்தை!!

பூங்குழலி
அத்தை அது சத்து சேர்த்த அரிசி. பிளாஸ்டிக் இல்லை.

மீனா அத்தை
[வீடியோ]

செல்வம், காலை 9:35
வயலில் இருந்தேன். இப்போதுதான் பார்த்தேன்.

செல்வம்
குறுவையில் பதர் ஜாஸ்தி.

பெரியப்பா
எவ்வளவு மாப்பிள்ளை? பூச்சியா, சத்துக் குறைவா? பூக்கும்போது பொட்டாஷ் போட்டீர்களா?

செல்வம்
பொட்டாஷ் போட்டேன் மாமா. மருந்தும் அடித்தேன். பூத்த வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு மடை மாற்றப் போனேன், சட்டை பிழியப் பிழிய வேர்வை. காற்று அசையவில்லை. தண்ணீரில் கால் வைத்தால் வெதுவெதுப்பு. அறுத்த நெல்லில் ஒரு படி எடுத்து வாளித் தண்ணீரில் கொட்டினேன். கால்பங்கு மிதக்கிறது. கையில் நசுக்கினால் உமி மட்டும்.

செல்வம்
[படம்: பிளாஸ்டிக் வாளி, மேலே மிதக்கும் பதர்]

பூங்குழலி
அத்தான், ஒரு குறுவையை வைத்து இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் சொந்த வயல் கணக்கைப் பார்த்து 2004-ல் வெளியிட்டது இதுதான்: ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது. பகல் வெயில்கூட இல்லை, ராத்திரி. பகலில் சேர்த்ததைப் பயிர் ராத்திரி மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

பூங்குழலி
வாயு கொடுக்கிற 10-ஐ அதே வாயு கொண்டுவரும் சூடு எடுத்துக்கொள்கிறது. அப்பா வரவுப் பக்கத்தை மட்டும் படிக்கிறார்.

சங்கர் சித்தப்பா
தென்னந்தோப்பு விற்ற கணக்கையும் உங்கள் அப்பா அப்படித்தான் படித்தார் 😀

கவிதா
சித்தப்பா, இப்போது எதற்கு அது

பெரியப்பா
சங்கர், 2018 கஜாவில் முந்நூறு மரத்தில் எழுபது நின்றது. நிவாரணம் வந்தபோது கையெழுத்துப் போட யார் வந்தீர்கள்? மரம் அறுக்கக் கூலி என் பென்ஷனில் கொடுத்தேன். கணக்கு நோட்டு பீரோவில் இருக்கிறது, எவன் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சங்கர் சித்தப்பா
ஏழு வருஷமாகப் பீரோவில்தான் இருக்கிறது.

மீனா அத்தை
காலையிலேயே வேண்டாம். ரெண்டு பேருக்கும் பிரஷர்.

செல்வம்
மாமா, தோப்புக் கதை இருக்கட்டும். ஒரு மா நிலத்துக்கு ரெண்டு மூட்டை குத்தகை பேசியிருக்கிறோம். இந்தப் போகம் ஒன்றரையாக வைத்துக்கொள்ளலாமா? கொள்முதலுக்குப் போனால் ஈரம் 17-க்கு மேல் என்று நிற்கிறது, ரோட்டில் காயப்போட்டிருக்கிறேன், மழை வேறு.

பெரியப்பா
பேசுவோம் மாப்பிள்ளை. போனில்.

சங்கர் சித்தப்பா
கரியமில வாயு மூட்டையைக் கூட்டும் என்று எழுதியவரே, ஒன்றரைக்கு ஒத்துக்கொள்ளுங்கள்.

ரவி (ஹூஸ்டன்), காலை 10:20
என் பங்குக்கு ஒன்றரை சம்மதம் மாப்பிள்ளை. இப்போது யாழினி கேட்கிறாள், இதையெல்லாம் தெரிந்துகொண்டு நன்மை அணியில் என்னதான் பேசுவது?

பூங்குழலி
உண்மையாகவே பலமான வாதம் ஒன்று இருக்கிறது அண்ணா. சூடாகவில்லை என்று சொல்ல வேண்டாம், பூமியில் சூட்டைப் பிடித்து வைக்கிற போர்வையே இல்லாவிட்டால் சராசரி மைனஸ் 18-ல் உறைந்திருப்போம், அது எல்லாருக்கும் தெரியும். ஒரு டன் வாயுவால் எவ்வளவு டாலர் நஷ்டம் என்று அமெரிக்க அரசாங்கம் கணக்குப் போட்டு வந்ததல்லவா, அதில் பயிருக்கு வரும் லாபத்தையும் நேர்மையாகச் சேர்த்துக் கழியுங்கள் என்று கேட்கலாம். ரிச்சர்ட் டோல் என்ற பொருளாதார நிபுணரின் மாதிரியில் அந்த லாபம் உள்ளே இருக்கிறது. ஆனால் சேர்த்தாலும் நஷ்டம்தான் மிஞ்சுகிறது, அது அடுத்த கேள்வி. நான்கு நிமிடத்துக்குள் எதிரணி அங்கே வராது.

பெரியப்பா
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பூங்குழலி
சரிப்பா 🙂

ரவி (ஹூஸ்டன்)
யாழினி செல்வம் மாமாவின் வாளிப் படத்தைக் காட்டப் போகிறாளாம்.

பெரியப்பா
அது எதிரணிக்கு அல்லவா பாயிண்ட்?

ரவி (ஹூஸ்டன்)
ஆமாம் பெரியப்பா. மதியம் ரெண்டாவது சுற்று, அதில் அணி மாற வேண்டும். ரெண்டு பக்கமும் இவளேதான் பேச வேண்டும், இங்கே அப்படித்தான் விதி.

சங்கர் சித்தப்பா
இதை 6:40-க்கே சொல்லித் தொலைத்திருந்தால் தோப்பு தப்பித்திருக்கும்.

பெரியப்பா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா
இலைத்துளை பற்றி ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன். அது ரெண்டு சுற்றுக்கும் உதவும்.

செல்வம்
தூறல் போடுகிறது. தார்ப்பாய் போடப் போகிறேன்.

கவிதா
அண்ணா, 22-க்கு ஐயர் இல்லையாம். 15-தான் மிச்சம். டிக்கெட் பார்த்தாயா?

ரவி (ஹூஸ்டன்)
பார்க்கிறேன்மா. இங்கே நடுராத்திரி.

மீனா அத்தை
[வீடியோ] பிளாஸ்டிக் அரிசி, இது புதுசு