கரியா, கேஸா? மொட்டைமாடி கிரில்லுக்கு வழி சொல்லுங்கள்

மதுரையில் இரண்டாம் மாடி வீடு. மூடியுள்ள 18 அங்குல உருண்டைக் கரி கிரில்லை நான்கு மாதங்களாக மொட்டைமாடியில் பயன்படுத்துகிறேன். மாதம் இருமுறை, ஆறு பேருக்குச் சமையல். கோழித்தொடை வெளியே கருகிவிடுகிறது. எலும்போரம் கத்தியை வைத்தால் இளஞ்சிவப்பாக நீர் கசிகிறது. கரி கனன்று வெண்சாம்பல் பூக்கவே முக்கால் மணி நேரம் ஆகிறது. புகை நேராகப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போகிறது. அந்த அக்கா ஒன்றும் சொல்வதில்லை. துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

சீமைக்கருவேலக் கரியை விட்டுச் சிரட்டைக் கரிக்கு மாறினேன். புகை குறைந்தது, பற்ற இன்னும் நேரமானது. பழைய எண்ணெய் டின்னில் துளையிட்டு அதற்குள் பற்றவைத்ததில் 20 நிமிடம் மிச்சம். கனலை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து மூடினேன். கறியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்து நன்றாக வெந்தது, ஆனால் ஒரு முறைக்கு மூன்று பேருக்குத்தான் இடம். மின்சார கிரில்லையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். வெந்தது, மணம் இல்லை.

கேஸ் வாங்கினால் பற்றவைக்கும் பாடும் புகையும் பெருமளவு குறையும் என்று தெரியும். ஆனால் கொழுப்பு கனலில் சொட்டிப் பொரியும் அந்த வாசனைக்காகத்தான் அப்பா முழங்கால் வலியோடு படியேறி வருகிறார்.

இரண்டிலும் வீட்டில் சமைத்தவர்கள் சொல்லுங்கள்: மூன்று பர்னர் கேஸ் கிரில்லில் அந்தச் சுட்ட மணம் உண்மையிலேயே கிடைக்கிறதா?