1/4000 வைத்தும் மட்டை வளைந்து தெரிவது ஏன்?

ஒளிப்பித்தன் (கேள்வி)
உள்ளரங்கில் பேட்மின்டன் படம் எடுக்கிறேன். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா. ஆட்டக்காரர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றினேன். ஷட்டர் வேகம் 1/4000 நொடி வைத்தும் ஸ்மாஷ் அடிக்கும் மட்டை அரிவாள் மாதிரி வளைந்து வருகிறது. கூடவே படத்தில் குறுக்காகக் கருப்புப் பட்டைகள். மெக்கானிக்கல் ஷட்டரில் இப்படி இல்லை. சென்சார் போய்விட்டதா?

வரிசைக்காரன்
சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1/4000 என்பது ஒவ்வொரு வரிசையும் வெளிச்சம் வாங்கும் நேரம் மட்டும்தான். முழுச் சென்சாரையும் படித்து முடிக்கும் நேரம் வேறு. அதை விவரப் பட்டியலில் பெரும்பாலும் போடவே மாட்டார்கள், எனக்கு எரிச்சலே அதுதான்.

ஒளி பட்டதும் பிக்சலில் எலக்ட்ரான்கள் சேர்கின்றன. அந்த மின்னூட்டம் பிக்சலுக்குள்ளேயே மின்னழுத்தமாக மாறி, கம்பி வழியாக ஏடிசி சுற்றுக்கு (மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்கும் சுற்று) போய் எண்ணாகிறது. உங்கள் சென்சாரில் ஏறக்குறைய 6000 நெடுவரிசைகள், 4000 கிடைவரிசைகள். இன்றைய கேமராக்களில் வழக்கமாக இருக்கும் சாதாரண சிமாஸ் (CMOS) சென்சாரில் ஒரு நெடுவரிசைப் பிக்சல்கள் எல்லாம் ஒரே கம்பியைப் பகிர்வதால், கிடைவரிசைகள் முறை வைத்துத்தான் போக வேண்டும். ஒரு வரிசைக்கு 12.5 மைக்ரோநொடி என்று வைத்தாலும் மொத்தம் 1/20 நொடி ஆகிவிடும்.

மட்டை படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், அதன் ஒரு முனையைப் படித்து மறுமுனைக்கு வருவதற்குள் 1/100 நொடி போய்விடும். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வீசினால் அதற்குள் மட்டையின் தலை 30 செ.மீ. நகர்ந்திருக்கும். வளையாமல் என்ன செய்யும்?

பட்டைகளும் இதே கதைதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். மங்கிய நேரத்தில் மாட்டிய வரிசைகள் கருப்பாகின்றன. பட்டைகளை எண்ணி 100ஆல் வகுங்கள், உங்கள் சென்சாரின் படிக்கும் நேரம் கிடைத்துவிடும். 5 பட்டை என்றால் 1/20 நொடி. ஷட்டரை 1/100க்கு இறக்கினால் பட்டை போகும், ஆனால் வேகமாக அசையும் ஆட்டக்காரரின் கை மங்கலாகிவிடும். விளையாட்டுக்கு மெக்கானிக்கல்தான் சரி. அதன் திரை சுமார் 1/250 நொடியில் சென்சாரைக் கடந்துவிடும்.

பழைய சிசிடி
எல்லாப் பிக்சலையும் ஒரே நேரத்தில் பிடிக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு பிக்சலின் பக்கத்திலும் ஒளி படாத ஒரு சேமிப்பிடம் வைத்து, மின்னூட்டம் மொத்தத்தையும் ஒரே கணத்தில் அங்கே தள்ளிவிட்டு, அப்புறம் நிதானமாகப் படிப்பது. இன்டர்லைன் சிசிடி (CCD) என்ற பழைய வகைச் சென்சார்கள் எப்போதோ செய்த வேலைதான். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III கேமரா முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் அதைக் கொண்டுவந்தது. சேமிப்பிடம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பிக்சல் தாங்கும் எலக்ட்ரான்கள் குறையும். அந்தக் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் எண்) வழக்கமான 100இல் இல்லாமல் 250இல் தொடங்குவதைப் பாருங்கள்.

ஒளிப்பித்தன்
புரிந்தது. புதுக் கேமரா இப்போதைக்கு இல்லை. ரா கோப்பை (சென்சார் தரும் பதப்படுத்தாத படக் கோப்பு) 14 பிட்டிலிருந்து 12க்கு மாற்றினால் வேகம் கூடுமா?

வரிசைக்காரன்
பல கேமராக்களில் கூடும். 14 பிட்டுக்கு 16384 பிரகாசப் படிகள், 12க்கு 4096தான். படிப்படியாக ஏறி ஒப்பிடும் ஏடிசிக்கு அது பெரிய மிச்சம். ஆனால் சில கேமராக்களில் அந்த அமைப்பு கோப்பின் அளவை மட்டுமே குறைக்கும். மாற்றிவிட்டு அதே விளக்கின் கீழ் பட்டைகளை மறுபடி எண்ணுங்கள். குறைந்தால் வேகம் கூடியிருக்கிறது. பிறகு திருத்தும்போது இருட்டுப் பகுதிகளை ரொம்பப் பிரகாசமாக்கினால் மட்டும் கொஞ்சம் இரைச்சல் (புள்ளி புள்ளியான கறை) தெரியலாம்.