சொந்தமாகக் கட்டும் விமானத்தின் மின்சுமை: 49 ஆம்பியர் கணக்குக்கு 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போதுமா?

இழைச்சிறகு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கண்ணாடி இழையால் ஆன, இருவர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். உடற்பகுதி வேலை முடிந்து, கருவிப்பலகைக்கு வயரிங் தொடங்கும் கட்டத்தில் இருக்கிறேன். 14 வோல்ட் அமைப்பு, 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), 16 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று என்பது என் திட்டம். எஞ்சின், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோவும் கார்புரேட்டரும் கொண்டது என்பதால் அது ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை.

கையேடுகளில் தந்துள்ள உச்ச மின்னோட்டங்களை எடுத்துக் கூட்டினேன். திரைகள் இரண்டும் சேர்ந்து 5, ரேடியோ 6, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் தரும் கருவி) 1.5, ஆடியோ பேனல் 0.5, ஆட்டோபைலட் 3, பிட்டோ குழாய் (காற்றுவேகம் அளக்கும் குழாய்) ஹீட்டர் 8, இறங்கு விளக்குகள் 6, சிறகு விளக்குகளும் ஸ்ட்ரோபும் 5, துணை எரிபொருள் பம்ப் 5, ஃபிளாப் மற்றும் டிரிம் மோட்டார்கள் 6, யூஎஸ்பி சாக்கெட்டுகள் 3 என மொத்தம் 49 ஆம்பியர் வருகிறது. 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு மாறினால் எடை கூடும். பொருத்தியிருக்கும் பிராக்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். மாறத்தான் வேண்டுமா?

பழைய வயர்மேன்:

நீங்கள் போட்ட கூட்டல் சரி. ஆனால் அந்த 49 ஆம்பியர் உங்கள் விமானத்தில் ஒரு நொடிகூட ஓடப்போவதில்லை. ரேடியோ 6 ஆம்பியர் இழுப்பது நீங்கள் பேசும்போது மட்டுமே. கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் அளவுதான். ஃபிளாப், டிரிம் மோட்டார்கள் சில நொடிகள் ஓடி நின்றுவிடும். அந்தச் சில நொடிகளைப் பேட்டரி தாங்கிக்கொள்ளும். ஆகவே கருவிகளை வரிசையாகவும், பறப்பின் கட்டங்களை (தரையில் ஓட்டம், ஏற்றம், நேர்ப்பறப்பு, இறக்கம், ஆல்டர்னேட்டர் இல்லாத நிலை) நிரல்களாகவும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்ந்து ஓடுவதை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். இரவில், ஹீட்டரும் ஓட, நேர்ப்பறப்பில் 26.5 ஆம்பியர் வருகிறது. தரையிறங்கும்போது விளக்குகளும் பம்பும் சேர்ந்து, ஆட்டோபைலட் அணைந்தால் 34.5. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி வழிகாட்டி, மின்சுமையைக் கண்காணிக்க அம்மீட்டர் இல்லாதபோது தொடர் சுமையை ஜெனரேட்டர் திறனின் 80 சதவீத அளவில் நிறுத்தச் சொல்கிறது. உங்களுக்கு அது 32 ஆம்பியர். நேர்ப்பறப்பு அதற்குள் அடங்குகிறது. இறக்கத்தின் சில நிமிடங்கள் அதைத் தாண்டினாலும் 40-க்குள்தான் நிற்கின்றன. பிராக்கெட்டைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஆல்டர்னேட்டரின் மேல் எழுதியிருக்கும் 40 என்பது உயர்சுழற்சியில் கிடைப்பது. தரையில் மெதுவாக ஓட்டும்போது அதில் எவ்வளவு வருகிறது என்பதை உங்கள் எஞ்சினில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கண்ணாடி இழை விமானத்தில் உடற்கூடு மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவராது, திரும்பும் கம்பியையும் நீங்களே இழுக்க வேண்டும். ஹீட்டர் 4 மீட்டர் தொலைவில் இருந்தால் கம்பியின் நீளம் 8 மீட்டர். 18 கேஜ் கம்பியில் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும்; ஹீட்டரின் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும். அதைவிடத் தடித்த 14 கேஜ் போட்டால் இழப்பு அரை வோல்ட் அளவுக்கு வந்துவிடும். தொடர் சுமைக்கு அந்த வழிகாட்டி ஏற்கும் இழப்பும் 14 வோல்ட் அமைப்பில் அரை வோல்ட்தான். ஃபியூஸைக் கம்பியின் தடிமன் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அது காப்பது கம்பியைத்தான், கருவியை அன்று.

மின்கலன்:

ஆல்டர்னேட்டரைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கேள்வியில் பேட்டரியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஆல்டர்னேட்டர் நின்ற பிறகு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றக் கணக்குகளை அதிலிருந்து பின்னோக்கிப் போடுவதுதான் என் வழக்கம்.

16 ஆம்பியர்-மணி என்பது பொதுவாக 20 மணி நேரத்தில் மெல்ல வடித்தால் கிடைக்கும் அளவு, அதாவது 0.8 ஆம்பியர் வீதம். வேகமாக இழுத்தால் ஈய அமில பேட்டரி அவ்வளவு தராது. எதையும் அணைக்காமல் 26.5 ஆம்பியர் இழுத்தால் புதிய பேட்டரியே 20 நிமிடங்களை ஒட்டித்தான் தாங்கும். ஒரு திரை, கேட்கும் நிலையில் ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், ஆடியோ பேனல் மட்டும் ஓடினால் சுமை 5 ஆம்பியர். பேட்டரி மூப்படைந்து 80 சதவீதமாகக் குறைந்திருந்தாலும் இரண்டு மணி நேரத்தை நெருங்கலாம். இந்த நான்கையும் தனி பஸ்பாரில் (மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் உலோகப் பட்டை) வைத்து, பேட்டரியிலிருந்து நேரே ஒரு மாற்றுச் சுவிட்ச் கொடுத்துவிட்டால், பதற்றத்தில் எதை அணைப்பது என்று தேட வேண்டியிருக்காது.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. விளக்கு இழையும் ஹீட்டரும் வோல்ட் குறைந்தால் குறைவாக இழுக்கும், திரைகள் அப்படியல்ல. அவற்றின் உள்ளே இருக்கும் பவர் சப்ளை அதே வாட் அளவைத் தக்கவைக்கப் பார்ப்பதால், 14 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும் திரை 11 வோல்ட்டில் 3.2 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி இறங்க இறங்கச் சுமை ஏறுகிறது. மேலே சொன்ன இரண்டு மணி நேரத்திலிருந்து இதற்காகவும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் நொடிகளிலும் வோல்ட் வெகுவாகச் சரியும் என்பதால், அப்போது திரைகள் அணைந்து மீண்டும் தொடங்குவது வியப்பன்று.

இழைச்சிறகு:

மிக்க நன்றி. பலகையை மேசையில் வைத்து, 14 வோல்ட் பவர் சப்ளையோடு இணைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். கையேட்டில் 5 ஆம்பியர் என்றிருந்த இரு திரைகளும் முழு வெளிச்சத்தில் 3.6 தான் இழுக்கின்றன. வோல்ட்டை 11-க்கு இறக்கியபோது, சொன்னபடியே அது 4.6-க்கு ஏறியது; கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். 40 ஆம்பியரே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: ஆல்டர்னேட்டர் நின்றதை எப்படி உடனே அறிவது? அம்மீட்டரை யார் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

பழைய வயர்மேன்:

யாரும் பார்க்கமாட்டார்கள், அதனால்தான் குறைமின்னழுத்த எச்சரிக்கை விளக்கு ஒன்றை 13 வோல்ட்டில் எரியும்படி வைக்கச் சொல்கிறோம். ஆல்டர்னேட்டர் ஓடினால் பஸ்பாரில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஈய அமில பேட்டரி தனியாகச் சுமை தாங்கும்போது 12.7-ஐத் தாண்டாது. திரையிலேயே அந்த எச்சரிக்கை வசதி இருந்தாலும், கண் எதிரே தனியாக ஒரு சிவப்பு விளக்கு போடுங்கள். பேட்டரியின் கொள்ளளவை ஆண்டுக்கு ஒருமுறை 5 ஆம்பியர் சுமையில் வடித்துப் பாருங்கள். நீங்கள் குறித்து வைத்த நிமிடங்களை அது தரவில்லை என்றால், எஞ்சினை நன்றாகவே சுழற்றினாலும் அதை மாற்றிவிடுங்கள்.