அசிங்க்ஐஓ கேம் சர்வரில் டிக் தடுமாறுகிறதா? பார்த்ததைப் பகிருங்கள்

டிக் என்பது சர்வர் ஆட்டத்தின் நிலையை ஒருமுறை புதுப்பிக்கும் சுற்று. நொடிக்கு 60 டிக் என்றால் ஒரு டிக்குக்கு 16.67 மில்லிசெகண்ட். பைதான் 3.12 வரை விண்டோஸில் அசிங்க்ஐஓ (பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் பைதான் நூலகம்) இதைத் தராது. ஸ்லீப்புக்கு (காத்திருக்கச் சொல்லும் அழைப்பு) 0.0167 நொடி கொடுத்து, இடைவெளியை பெர்ஃப்_கவுன்டர் என்ற நுண்கடிகாரத்தால் அளந்தால் 15, 31, 15, 31 மில்லிசெகண்ட் என்று தாறுமாறாக வரும். ஈவன்ட் லூப் (அசிங்க்ஐஓவில் வேலைகளை ஓட்டும் சுழற்சி) மணி பார்ப்பது டைம்.மோனோடோனிக் என்ற கடிகாரத்தில்; அங்கே அது 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நகரும்.

பலர் விண்டோஸ் டைமரை 1 மில்லிசெகண்டுக்கு நுணுக்கும் டைம்பிகின்பீரியட்(1) போட்டுவிட்டு ஏன் சரியாகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது காத்திருப்பைத்தான் கூர்மையாக்கும், இந்தக் கடிகாரத்தைத் தொடாது. லூப்பின் டைம் மெத்தடை பெர்ஃப்_கவுன்டருக்கு மாற்றுங்கள். கூடவே _கிளாக்_ரெசல்யூஷன் (லூப் கருதும் கடிகாரத் துல்லியம்) மதிப்பையும் குறையுங்கள். அப்படியே விட்டால் டைமர் 15 மில்லிசெகண்ட் வரை முன்கூட்டியே அடிக்கும். 3.13-இல் மோனோடோனிக்கே நுண்கடிகாரத்துக்கு மாறிவிட்டது. காத்திருப்புக்கு டைம்பிகின்பீரியட் அப்போதும் வேண்டும்.

*

லினக்ஸ்ல அந்தக் கடிகாரத் தொல்லை கிடையாது. அங்க அடி வாங்குறது கணக்குல. டிக் வேலை 3 மில்லிசெகண்ட், முடிஞ்சதும் 16.67 ஸ்லீப். லூப் காத்திருக்க லினக்ஸ் தர்ற ஈபோலுக்கு முழு மில்லிசெகண்டுதான் புரியும், பைதான் அதை மேல்நோக்கி 17 ஆக்கிடும். ஆக 3-உம் 17-உம் சேர்ந்து 20 மில்லிசெகண்ட், 60 டிக் சர்வர் 50-ல ஓடும்! ஸ்லீப்பைத் தூக்கிட்டு, அடுத்த டிக் நேரத்தை ஒரு மாறியில வச்சு ஒவ்வொரு தடவையும் 1/60 கூட்டி, குறிச்ச நேரத்துல ஓட்டுற லூப் மெத்தடான கால்_அட்டுக்குக் கொடுங்க. ஒரு டிக் தாமதமானாலும் அடுத்தது தானா இடத்துக்கு வந்துடும்.

கடைசி 1 மில்லிசெகண்டை காத்திருக்காம உடனே திரும்புற ஸ்லீப்(0)-ஐ சுத்தவிட்டுப் பிடிக்கிற வேலை வேண்டாம். ப்ராசசர் கோருக்குத்தான் கேடு. 60 டிக்குக்கு அந்தத் துல்லியம் எதுக்கு?

*

1/60 கூட்டிக்கொண்டே போகும் அந்த முறைக்கு ஒரு கடிவாளம் போட வேண்டும். பைதானின் நினைவகத் துப்புரவான கார்பேஜ் கலெக்‌ஷனோ பெரிய தரவை எழுத்தாக மாற்றும் ஜேசன் டம்ப்போ லூப்பை அரை நொடி நிறுத்தினால் 30 டிக் பாக்கி விழும். எல்லாம் ஒரே மூச்சில் ஓடும், ஆட்டக்காரர்கள் திரையில் தாவுவார்கள். டிக் வேலையே கனமானால் பாக்கி தீரவே தீராது. 4, 5 டிக்குக்கு மேல் பாக்கி இருந்தால் மீதியைத் தள்ளுபடி செய்து, அடுத்த டிக் நேரத்தை இப்போதைய நேரத்துக்கு நகர்த்துங்கள். ரஸ்ட் மொழியில் அசிங்க்ஐஓ போன்ற நூலகமான டோக்கியோவின் இன்டர்வல் டைமரும் இயல்பில் பர்ஸ்ட்தான், அதாவது பாக்கியை ஒரே மூச்சில் ஓட்டும். ஸ்கிப் (தவறியதைத் தாண்டிப் போவது) என்று நாமே மாற்ற வேண்டும்.

அளக்கும்போது சராசரியை நம்பாதீர்கள். 15-உம் 31-உம் கலந்து வருவது அதில் தெரியாது. டிக் இடைவெளியின் 99-ஆம் சதமானத்தை (நூற்றில் 99 இடைவெளிகள் இதற்குள் அடங்கும்) லாகில் போடுங்கள்.