மரியன் ஆண்டர்சன்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

நிலா: பெரியப்பா, காலையில் நீங்கள் அனுப்பிய கறுப்பு வெள்ளை வீடியோவில் லிங்கன் நினைவகத்தில் பாடுகிறவர் யார்? ஒரு பெண் குரல் இவ்வளவு கீழே இறங்குமா!

பெரியப்பா: மரியன் ஆண்டர்சன். கான்ட்ரால்டோ என்பார்கள், பெண் குரல்களில் ஆகக் கீழ் ஸ்தாயி. 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. நேரில் கேட்டவர்கள் மட்டும் சுமார் 75,000 பேர்.

நிலா: ஏன் திறந்தவெளியில்?

பெரியப்பா: வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் என்று பெரிய அரங்கம். அதை வைத்திருந்த பெண்கள் சங்கம், கறுப்பினத்தவர் என்பதால் இவருக்குத் தரவில்லை. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அதிலிருந்தே விலகிவிட்டார்.

வசந்தி அத்தை: அதற்கு முன்பே ஐரோப்பா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, நிலா. 1935இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் கேட்ட புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் டாஸ்கனினி, நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் இப்படி ஒரு குரல் கேட்கக் கிடைக்கும் என்றார். சொந்த ஊர் பிலடெல்பியாவிலோ ஓர் இசைப் பள்ளி நிறத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியது. தேவாலயத்தில் இருந்தவர்கள் காசு திரட்டித்தான் பாட்டு வாத்தியாரிடம் சேர்த்துவிட்டார்கள்.

கார்த்தி: அப்பா, எந்த ஆபராவில், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தில், பாடினார்?

பெரியப்பா: அதுதான்டா எனக்கு இன்னும் ஆறவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா அவரை மேடையேற்றியது 1955 ஜனவரி 7இல்! இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'உன் பல்லோ இன் மாஸ்கெரா' ஆபராவில் குறி சொல்லும் உல்ரிகா வேடம். அங்கே வேடமேற்றுப் பாடிய முதல் கறுப்பினப் பாடகர். அப்போது வயது 57.

கார்த்தி: தாமதம்தான். ஆனால் கதவு திறந்ததே அப்பா. 1961இல் இன்னொரு கறுப்பினப் பாடகி லியோன்டைன் பிரைஸ் அதே மேடைக்கு வந்துவிட்டார்.

பெரியப்பா: பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது, சந்தோஷம். இவருடைய குரல் உச்சத்தில் இருந்த முப்பதுகளும் நாற்பதுகளும் ஆபராவுக்குக் கிடைக்காமலே போய்விட்டனவே. அந்த நஷ்டத்தை எதில் ஈடு கட்டுவது?

வசந்தி அத்தை: அண்ணா, கச்சேரி மேடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஐரோப்பிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல்களைப் பாடிய அதே மேடையில் அடிமைகளாக இருந்த தன் முன்னோரின் பக்திப் பாடல்களையும் பாடினார். எனக்கு அதுதான் பெரிது. அப்புறம் ஒரு விஷயம். வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியான நாள் எது என்று கேட்டதற்கு, இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்ன நாள் என்றார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். வீட்டு வேலை, துணி வெளுப்பது என்று உழைத்து வளர்த்தவர் அந்த அம்மா.

நிலா: அத்தை, இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த கான்ஸ்டிடியூஷன் ஹாலில் கடைசிவரை பாடவே இல்லையா?

பெரியப்பா: பாடினார். 1943இல் அந்தப் பெண்கள் சங்கமே அழைத்தது. 1964இல் விடைபெறும் கச்சேரிப் பயணத்தையும் அங்கிருந்துதான் தொடங்கினார்.

நிலா: அவர் பாடிய 'அவே மரியா' பாட்டு இருந்தால் அனுப்புங்கள் பெரியப்பா.

பெரியப்பா: ராத்திரி அனுப்புகிறேன்மா. ஹெட்போன் போட்டுக் கேள். போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஸ்தாயி சரியாகக் கேட்காது.