புதுப்பிப்பு: ஹைப்ரிட் காரில் ஈய-அமில பேட்டரி

ஹைப்ரிட் காருக்கு ஈய-அமில பேட்டரி தாக்குப்பிடிக்குமா என்று முன்னே கேட்டிருந்தேன். ‘தட்டுகளில் சல்பேட் உப்பு படிந்து சீக்கிரமே செத்துவிடும்’ என்றீர்கள். சரிதான், ஆனால் எந்தத் தட்டில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஹைப்ரிட் கார் பேட்டரியை முழு சார்ஜ் ஏறவே விடாது. பாதியளவில் வைத்துக்கொண்டு, பிரேக் போட்டால் மின்சாரத்தைத் திணிக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சும். நெகட்டிவ் தட்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மேற்பரப்பை ஈய சல்பேட் கெட்டியாக மூடிவிடும், உள்ளே இருக்கிற ஈயம் சும்மா கிடக்கும்.

ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ கைவைத்தது இங்கேதான். நெகட்டிவ் தட்டோடு கார்பன் மின்முனையைச் சேர்த்து, சூப்பர் கெப்பாசிட்டரையும் (மின்சாரத்தைச் சட்டென்று வாங்கி, சட்டென்று கொடுப்பது) பேட்டரியையும் ஒரே செல்லுக்குள் அடக்கினார்கள். பெயர் அல்ட்ராபேட்டரி. ஜப்பானின் ஃபுருகாவா பேட்டரி நிறுவனம் தயாரித்தது. ஹோண்டா இன்சைட் என்ற ஹைப்ரிட் காரில் நிக்கல் பேட்டரியைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, இங்கிலாந்தின் மில்புரூக் சோதனைத் தடத்தில் 1,00,000 மைல் ஓட்டிக் காட்டினார்கள். 2008-இல் அந்தச் செய்தி வந்தது. எடைதான் உதைக்கிறது, ஈயமாயிற்றே!

‘வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியை மாட்டலாமா’ என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். அதன் தடித்த தட்டுகள் நிதானமாக மணிக்கணக்கில் கொடுக்கச் செய்தவை.