பொருள்: மறு: 'அன்எர்கென்னுங்' – அங்கீகாரமா, வேறு சொல்லா?

> 'அங்கீகாரம்' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரிகிறது.

ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகலின் 'அன்எர்கென்னுங்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும்போது 'அங்கீகாரம்' எல்லோருக்கும் புரிகிறது ஐயா, சிக்கலே அதுதான். அங்கீகாரம் என்றதும் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற பள்ளிக்கூடப் பலகைதான் கண்முன் வருகிறது. மேலே இருப்பவர் கொடுப்பார், கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வார். 1807இல் ஹெகல் எழுதிய ஆண்டான்–அடிமைப் பகுதி இந்த ஒருவழிப் போக்கு ஏன் தோற்கிறது என்பதைத்தான் பேசுகிறது. அடிமை கும்பிடுகிறான், ஆனால் அவனை ஓர் ஆளாகவே மதிக்காத ஆண்டானுக்கு அந்தக் கும்பிடால் நிறைவு வருவதில்லை.

ஜெர்மனில் 'எர்கென்னென்' என்றால் இன்னார் என்று தெரிந்துகொள்வது. 'அன்எர்கென்னென்' வேறு: தெரிந்தவரை மதித்து ஏற்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரெகக்னிஷன்' ஒன்றுதான். அந்த வழியாக வந்ததால்தான் நம்மில் சிலர் 'அடையாளம் காணல்' என்று எழுதி மாட்டிக்கொண்டார்கள்.

என் பரிந்துரை: கண்டுகொள்ளல்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண் வீட்டுக்காரர் என் சித்தப்பாவைத் தாண்டிப் பின்னால் வந்தவரிடம் பேசப் போய்விட்டார். சித்தப்பா சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். "நாற்பது வருஷப் பழக்கம். பார்த்தும் கண்டுக்காமப் போறான்!" தெரியாமல் இல்லை, கண்டுகொள்ளவில்லை. ஜெர்மன்காரர் முன்னொட்டுப் போட்டுப் பிரித்ததை அவர் ஒரே மூச்சில் பிரித்துவிட்டார். இதில் இன்னொன்று: காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அது சித்தப்பாவின் கணக்கிலேயே வரவில்லை. ஹெகலின் ஆண்டான்தான்!

> கண்டுகொள்வது என்றால் 'கண்டுபிடிப்பது' என்றும் பொருள் உண்டே?

உண்டு. 'எங்களையும் கொஞ்சம் கண்டுக்கங்க சார்' என்று கை நீட்டும் பொருளும் உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியதுதான். எதிர்மறையில் இந்தக் குழப்பம் குறைவு. ஜெர்மன் மெய்யியலாளர் ஆக்ஸல் ஹோனெத் 1992இல் எழுதிய நூலில் மனிதர்களைப் போராட வைப்பதாகச் சொல்லும் அவமதிப்புகளில் ஒரு பெரும்பகுதியைக் 'கண்டுகொள்ளாமை' தாங்கும். அடி உதைக்கு அது போதாது, சரி. அங்கே 'அவமதிப்பு' என்றே இருக்கட்டும்.

அப்புறம், 'பரஸ்பர அங்கீகாரம்' என்பதற்கு 'ஒருவரையொருவர் கண்டுகொள்ளல்' என்று எழுதிப் பார்த்தேன். தலைப்பில் வைக்க நீளம்தான். குறுக்கத் தெரிந்தவர்கள் குறுக்கித் தாருங்கள். 'ஒருவரையொருவர்' மட்டும் விழுந்துவிடக் கூடாது.